"இவுக எந்த ஆளுக சார்?"

அகழாய்வுக் குழியில் இருந்த முதுமக்கள் தாழி, அந்தக் காலத்தில் இறந்தவரை வைத்துப் புதைத்த பெரிய மண்பானை, உடைந்துதான் இருந்தது. உள்ளே மண்டையோடும் தொடை எலும்பும், பக்கத்தில் கருப்பு-சிவப்புக் கிண்ணமும். பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தேன். மண் சுமக்க வந்த அக்கா குழி ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்துக் கேட்டார்: "இவுக எந்த ஆளுக சார்?"

"அதெல்லாம் கேக்கக் கூடாதுக்கா. எலும்புல சாதி தெரியாது" என்றேன், கொஞ்சம் கண்டிப்பாகவே.

"எங்க ஆளுகன்னா ஒரு சூடம் கொளுத்தலாம்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் சொன்னதில் தப்பில்லை. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த மண்டையோடுகளைப் பின்னால் வந்தவர்கள் அளந்து பார்த்து, இன்ன இனம் என்று பெயர் ஒட்டினார்கள். அந்தத் தவறு திரும்ப நடக்கக் கூடாது என்றுதான் வருஷக்கணக்காகப் பாடம் எடுக்கிறேன். ஆனால் அதே வாரம் குழியைப் பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகளிடம், "இவங்க உங்க முன்னோர்" என்று நானே சொன்னேன். அதற்கு மட்டும் என்ன ஆதாரம் வைத்திருந்தேன்?

சூடத்துக்கும் காரணம் சொல்லலாம். காலக்கணிப்புக்குக் கரித்துண்டு எடுக்க வேண்டும், டிஎன்ஏ சோதனைக்குப் பல்லைக் கையுறை போட்டு எடுக்க வேண்டும். குழிக்குள் நெருப்பும் புகையும் ஆகாது. சரி, தள்ளியிருந்த வேப்பமரத்தடியில் கொளுத்தியிருந்தால் எதுவும் கெட்டிருக்காதே. அது அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவர் கேட்டதில் சாதி மட்டும்தான் என் காதில் விழுந்தது.

அனுமதித்திருந்தால் மறுநாளே "எங்க ஆளு", "இல்லை, எங்க ஆளு" என்று இரண்டு கூட்டம் வந்து நின்றிருக்கும் என்றும் நினைத்துக்கொள்வேன். நடக்கக்கூடியதுதான். ஆனால் அந்தக் காரணம் எனக்கு அன்றைக்கு ராத்திரிதான் கிடைத்தது.

வகுப்பில் தாழி பற்றி நடத்தும்போது, துணையை இழந்த ஒருத்தி குயவனிடம் தனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாக வனையச் சொல்லும் சங்கப் பாட்டைச் சொல்வேன். உள்ளே கிடப்பவருக்காக யாரோ அழுதிருக்கிறார்கள் என்று மாணவர்களுக்குப் புரிய வேண்டும், அதற்காகத்தான். இப்போதெல்லாம் அந்த இடம் வந்தால் அக்கா முகம் வந்துவிடுகிறது.

எலும்புகளைப் பெட்டியில் அடுக்கி எண் எழுதியது நான்தான். மறுநாளும் அக்கா வேலைக்கு வந்தார். அவரை வேறு குழிக்கு அனுப்பினேன். சூடம் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.