போவதா, இருப்பதா?

முதலாண்டு மதிப்பெண் வந்ததிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். இப்போது படிக்கும் சட்டக் கல்லூரியில் எனக்கு ட்யூஷன் முழுவதும் ஸ்காலர்ஷிப், இப்போது அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் இருக்கும் பேர்பெற்ற ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி, இரண்டாம் ஆண்டிலிருந்து அங்கே மாறிப் படிக்க இடம் கொடுத்திருக்கிறது. அப்பாவுக்கு அந்தப் பெயரே போதும், மதுரையில் இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

ஆனால் மாறிப் போகிறவர்களுக்கு அங்கே ஸ்காலர்ஷிப் கிடைப்பது அபூர்வம், மீதி இரண்டு வருடமும் முழுக் கட்டணம், வாஷிங்டன் வாடகை தனி. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு, முழுச் செலவுக்கும் அரசு தந்துவந்த கிராட் பிளஸ் கடனும் கிடையாது, சட்டப் படிப்புக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர் வரைதான், மிச்சத்துக்குத் தனியார் கடன். அதற்கு அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். ஓய்வு பெறப் போகிற மனுஷரிடம் அதைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

நியூயார்க்கின் பெரிய வழக்கறிஞர் நிறுவனங்கள்தான் குறி என்றால் மாறுவது சரி, அதை நான் மறுக்கவே இல்லை. எனக்கு வேண்டியது குடியேற்ற வழக்குகள், சம்பளம் குறைவு. பொதுச்சேவையில் 10 ஆண்டு தவணை கட்டினால் மீதி தள்ளுபடி என்பதும் அரசுக் கடனுக்குத்தான், தனியார் கடனுக்கு இல்லை. அப்புறம், இங்கே மாணவர்கள் நிஜ வழக்குகளில் பயிற்சி பெறும் சட்ட கிளினிக் இருக்கிறது, என்னை நன்றாகத் தெரிந்த பேராசிரியர்கள் இருக்கிறார்கள்.

இங்கேயே இருக்கிறேன். அப்பாவிடம் இன்று இரவு சொல்ல வேண்டும். இப்படி மாறாமல் இருந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், அவருக்குக் காட்ட வேண்டும்.