பெயர் பொருந்தினால் பணம் நிற்கும்

ஜெர்சி சிட்டியில், ஹட்சன் ஆற்றங்கரையோரம் இருந்த ஒரு வங்கியின் மென்பொருள் பிரிவில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புகிறவர், பெறுகிறவர் இருவரின் பெயரையும் அமெரிக்கக் கருவூலத் துறையின் தடைப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தினால் பணத்தை நிறுத்தி வைக்கும் மென்பொருள் எங்கள் குழுவின் பொறுப்பு. 2001 செப்டம்பர் 11 அன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் எங்கள் தளத்திலேயே இருந்தார்கள். கொல்லப்பட்ட 2,977 பேரில் தெரிந்தவர்களைப் பறிகொடுத்தவர்களும் உண்டு. அதனால் அந்த வேலையை அங்கே யாரும் வெறும் சம்பளத்துக்காகச் செய்யவில்லை. நானும்தான்.

தாக்குதல் நடந்து இரண்டு வாரம் ஆவதற்குள், பயங்கரவாதத்தோடு தொடர்புடையவர்களின் சொத்தை முடக்கும் ஆணையில் அதிபர் புஷ் கையெழுத்திட்டார். அக்டோபர் 26-ல், பயங்கரவாதத்தைத் தடுக்க அரசுக்குக் கூடுதல் அதிகாரம் தந்த பேட்ரியாட் சட்டம் வந்தது. செனட்டில் 98 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்து வாக்களித்தவர் விஸ்கான்சினின் ரஸ் ஃபைன்கோல்ட் ஒருவர்தான். அந்த அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவசரத்தில் போட்ட சட்டத்தை நிதானமாக நடைமுறைப்படுத்த வேண்டியவர்கள் எங்களைப் போன்றவர்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

பட்டியலில் இருக்கும் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கும். முகமது என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எழுத்து மாறினாலும் பிடிக்க வேண்டும் என்பதற்காக, ஒலி ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் முறைகளைச் சேர்த்திருந்தோம். அவற்றில் ஒன்று சவுண்டெக்ஸ். 1918-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பழைய முறை அது. முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டு, மெய்யெழுத்துகளுக்கு எண் கொடுக்கும். செல்வம், செல்வன், சில்வானா மூவருக்கும் கிடைக்கும் குறியீடு ஒன்றே: எஸ்415. இதோடு வேறு சில கணக்குகளையும் கூட்டி நூற்றுக்கு ஒரு ஸ்கோர் வரும். குறிப்பிட்ட ஸ்கோரைத் தாண்டினால் அலர்ட். பிறகு ஓர் ஊழியர் பிறந்த தேதி, ஊர், பாஸ்போர்ட் பார்த்து ‘இவர் அவர் இல்லை’ என்று க்ளியர் செய்ய வேண்டும். நான் பார்த்த அலர்ட்டுகளில் அநேகமாக எல்லாமே ‘இவர் அவர் இல்லை’தான்.

அப்படியென்றால் ஸ்கோர் வரம்பை ஏன் உயர்த்தவில்லை? கூட்டத்துக்குக் கூட்டம் இதைத்தான் கேட்டேன். பதில் எளிது. பட்டியலில் உள்ள ஒருவருக்கு வங்கி தெரியாமல் பணம் அனுப்பினாலும் அபராதம் உண்டு. பட்டியலில் இல்லாத ஆளின் பணத்தை நான்கு நாள் நிறுத்தி வைத்தால் எந்த அபராதமும் இல்லை. 2012-ல் எச்எஸ்பிசி வங்கி இதுபோன்ற சட்டங்களை மீறியதற்காக 190 கோடி டாலருக்கு மேல் கட்ட ஒப்புக்கொண்ட பிறகு, எங்கள் வரம்பு இன்னும் கீழே இறங்கியது. வங்கியின் கணக்கு வங்கிக்குச் சரி. மருத்துவமனைக்குக் கட்ட வேண்டிய பணம் கராச்சிக்குப் போய்ச் சேரவில்லை என்று கவுண்ட்டரில் நிற்கிறவரின் கணக்கு அதில் எங்குமே இல்லை.

நம்மவர்கள் பெயர் இதில் படும் பாடு தனி. இனிஷியலோடு வாழ்கிறவரிடம் ‘குடும்பப் பெயர்’ கேட்டால் அப்பா பெயரைப் போடுவார். மனைவி கணவர் பெயரைப் போடுவார். பாஸ்போர்ட்டில் ஒன்று, வங்கியில் ஒன்று. விடுதலைப் புலிகள் இயக்கம் 1997-லிருந்தே அமெரிக்கத் தடையில் இருந்தது. 2007 நவம்பரில், புலிகளுக்கு நிதி திரட்டியதாகச் சொல்லி தமிழர் புனர்வாழ்வுக் கழகம் என்ற தொண்டு அமைப்பையும் கருவூலத் துறை பட்டியலில் சேர்த்தது. சுனாமி நேரத்தில் அதற்கு நன்கொடை கொடுத்த சாதாரணக் குடும்பங்கள் அமெரிக்காவில் நிறைய. அந்த வாரம் ‘தமிழ்’ என்ற சொல் இருக்கும் கோயில் கணக்கு, பள்ளிக் கணக்கு எல்லாம் எங்கள் திரையில் சிவப்பாக வந்தன. பக்கத்து இருக்கைக்காரருக்கு அவை வெறும் வரிசை எண்கள். எனக்கு ஒவ்வொன்றும் யாரோ ஒரு அக்காவும் அண்ணனும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்தும் இடம்.

இது வெளிநாட்டுப் பணத்தோடு நிற்கவில்லை. 2011-ல் கலிபோர்னியாவில் ஒருவர் கார் வாங்கப் போனார். மக்களின் கடன் வரலாற்றைத் தொகுத்து விற்கும் டிரான்ஸ்யூனியன் நிறுவனத்தின் அறிக்கை, அவர் பெயர் தடைப்பட்டியலோடு பொருந்துவதாகச் சொன்னது. பார்த்தது முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் மட்டுமே. பிறந்த தேதியைக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் கார் அவர் மனைவி பெயரில் வாங்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இதே முத்திரை குத்தப்பட்டிருந்த 8,185 பேரில், அறிக்கை வெளியே போன 1,853 பேருக்கு மட்டுமே இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு என்று 2021-ல் தீர்ப்பானது. மற்றவர்கள் கோப்பிலும் அதே தப்புதான் இருந்தது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது, தாக்குதலை விசாரித்த செப்டம்பர் 11 ஆணையத்தின் முடிவுகள். அந்தத் தாக்குதலுக்கு ஆன செலவு நான்கு முதல் ஐந்து லட்சம் டாலர். கடத்தல்காரர்கள் அமெரிக்க வங்கிகளில் சொந்தப் பெயரிலேயே கணக்குத் தொடங்கியிருந்தார்கள். பணம் வழக்கமான வழிகளில்தான் வந்தது. உளவு அமைப்புகள் தங்களுக்குத் தெரிந்ததை ஒன்றுக்கொன்று சொல்லாமல் வைத்திருந்ததைத்தான் ஆணையம் பெரிய ஓட்டையாகக் காட்டியது. அதை அடைப்பது கடினம். பெயர்களைச் சலிப்பது சுலபம். சுலபமானதற்கே ஆளும் பணமும் அள்ளிக் கொட்டினார்கள்.

பட்டியலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குழுவில் நாங்கள் சிலர் சேர்ந்து கேட்டது இரண்டு: பிறந்த தேதியை ஒப்பிடாமல் எந்தப் பணத்தையும் நிறுத்தக் கூடாது, ஒருமுறை க்ளியர் ஆனவரை அதே பட்டியல் பெயருக்காக மறுபடி நிறுத்தக் கூடாது. இரண்டாவதை ஒத்துக்கொண்டார்கள். முதலாவது, வங்கி சட்டப்படி நடக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் பிரிவின் பரிசீலனைக்குப் போனது. நான் அந்த வேலையை விடும் வரை திரும்பி வரவில்லை.