ஏலத்தில் எடுத்த வீடும் பத்து மாதம் கழித்துக் கிடைத்த சாவியும்

கடன் நிலுவைக்காக வங்கி ஏலத்துக்குக் கொண்டுவந்த ஒரு வீட்டை 2023 ஆகஸ்டில் எடுத்துச் சீரமைத்து, 2025 ஏப்ரலில் விற்று முடித்தேன். ஏலம் கேட்ட அன்று என் கணக்கில் இது எட்டு மாத வேலை. நடந்ததோ இருபது மாதம். கூடுதலாகப் போன பன்னிரண்டு மாதங்களில் பெரும்பகுதிக்குக் காரணம், ஏல அறிவிப்பின் கடைசிப் பத்தியில் இருந்த 'குறியீட்டுச் சுவாதீனம்' என்ற இரண்டு சொற்கள். அவற்றை நான் வாசிக்காமல் விடவில்லை. வாசித்தும், அவை என் பணத்தை என்ன செய்யும் என்று யாரிடமும் கேட்காமல் கடந்துவிட்டேன் என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

ஏல வீடு எடுக்க நினைப்பவர்களுக்கு 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டம் ஓரளவு தெரிந்திருக்கும். 13(2) பிரிவின்படி வங்கி அறிவிப்பு அனுப்பி 60 நாள் காத்திருந்து, கடன் கட்டப்படாவிட்டால் 13(4) பிரிவின்படி சொத்தைப் பொறுப்பில் எடுக்கிறது. ஆனால் 'பொறுப்பில் எடுப்பது' என்பதில் இரண்டு வகை உண்டு. வீட்டைப் பூட்டிச் சாவியை வங்கியே வைத்திருந்தால் அது நேரடிச் சுவாதீனம். கதவில் அறிவிப்பை ஒட்டி, இரண்டு நாளிதழ்களில், அதில் ஒன்று வட்டார மொழியில், விளம்பரம் கொடுத்துவிட்டு, உள்ளே குடியிருப்பவரை அப்படியே விட்டிருந்தால் அது குறியீட்டுச் சுவாதீனம். இரண்டு நிலையிலும் வங்கி ஏலம் விடுகிறது. இரண்டிலும் 'உள்ளது உள்ளபடி' என்ற நிபந்தனைதான். அக்கம்பக்கத்து விலையை விட இந்த வீட்டின் குறைந்தபட்ச விலை வெகுவாகத் தாழ்ந்திருந்ததை நான் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டேன். உள்ளே ஆள் இருப்பதற்கான விலை அது என்பது பிறகுதான் புரிந்தது.

ஏலத்துக்கு முன் வீட்டைப் பார்க்கப் போனபோது வங்கி ஊழியர் தெருவிலேயே நின்றுகொண்டு கீழ்த்தளத்தைச் சுட்டிக்காட்டி, "ஒரு குடித்தனம் இருக்கிறது சார், சொன்னால் காலி செய்துவிடுவார்கள்" என்றார். எதன் பேரில் இருக்கிறார்கள், எவ்வளவு காலமாக இருக்கிறார்கள் என்று அவரும் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. மேல்தளம் பூட்டியிருந்தது.

இணையவழி ஏலத்தில் சிக்கல் எதுவும் இல்லை. குறைந்தபட்ச விலை 38 லட்சம், முன்வைப்புத் தொகை 3,80,000. 41,50,000 ரூபாய்க்கு எனக்கு முடிந்தது. அதற்குப் பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கியது. முன்வைப்புத் தொகையையும் சேர்த்து 25 சதவீதத்தை அன்றே, அல்லது மறு வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். மீதி 75 சதவீதத்தை ஏலம் உறுதியான 15-ஆம் நாளுக்குள் கட்ட வேண்டும். வங்கி எழுத்து மூலம் ஒப்புக்கொண்டால் மட்டும் அதிகபட்சம் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். தவறினால் கட்டிய தொகை போய்விடும். அந்தப் பறிமுதல் செல்லும் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கொன்றில் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆகவே மீதிப் பணத்துக்கு வழி செய்யாமல் யாரும் ஏலத்தில் உட்காரக் கூடாது.

நான் வழி செய்திருந்ததாகத்தான் நினைத்தேன். வீட்டுக் கடன் தருவதாக வாய்வார்த்தை சொல்லியிருந்த வேறொரு வங்கி, பத்தாம் நாள் கூப்பிட்டு, நேரடிச் சுவாதீனம் இல்லாத சொத்துக்குக் கடன் கொடுக்க இயலாது என்று கைவிரித்தது. கட்டியிருந்த 10,37,500 ரூபாய் ஐந்து நாளில் போய்விடும் நிலை. ஏலம் விட்ட வங்கியில் கால அவகாசம் கேட்டேன். "எடுத்துக்கொள்ளுங்கள் சார், பார்த்துக்கொள்ளலாம்" என்றார் அங்கிருந்த ஊழியர். அந்தச் சொல்லை நம்பி வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும். மனுவை எழுதிக் கொடுத்து, அங்கீகாரம் பெற்ற அதிகாரியின் கையொப்பத்துடன் 30 நாள் நீட்டிப்புக் கடிதம் கைக்கு வரும்வரை மாலை ஆறு மணி வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இந்த இருபது மாதத்தில் நான் சரியாகச் செய்த முதல் காரியம் அதுதான். பிறகு மனைவியின் நகைகளை அடகு வைத்தும், தெரிந்தவர்களிடம் மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்கியும் 20 லட்சம் புரட்டி, கையிருப்புடன் சேர்த்துக் கட்டி முடித்தேன்.

பணம் முழுவதும் கட்டியதும் வங்கி கொடுத்த விற்பனைச் சான்றிதழைப் பதிவு செய்ய நான்கு முறை அலைந்தேன். அடமானப் பத்திரத்தில் இருந்த சொத்து விவரத்தையே வங்கி அப்படியே சான்றிதழில் எடுத்து எழுதியிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் சர்வே எண் உட்பிரிவாகி, பட்டாவில் புதிய எண் ஏறியிருந்தது. கதவு எண்ணும் மாறியிருந்தது. பதிவு அலுவலகத்தில் டோக்கன் போட்டு, முறை வந்து உட்கார்ந்த பிறகுதான் "பட்டாவோடு பொருந்தவில்லை, திருத்தி வாருங்கள்" என்றார்கள். வங்கியில் கேட்டால் "எங்களிடம் அடமானம் வைத்தது இந்த எண்தான், நாங்கள் எப்படி மாற்றுவது?" என்றார்கள். இரண்டாம் முறை ஒரு விளக்கக் கடிதம் கொடுத்தார்கள். பதிவு அலுவலகம் ஏற்கவில்லை. மூன்றாம் முறை போனபோது கையொப்பமிட வேண்டிய அதிகாரி விடுப்பில் இருந்தார். பழைய எண், புதிய உட்பிரிவு எண் இரண்டையும் சேர்த்து எழுதிய புதிய சான்றிதழைக் கொண்டுபோன நான்காம் முறை, கால் மணி நேரத்தில் பதிவு முடிந்தது. பணம் முழுவதும் கட்டுவதற்கு முன்பே வில்லங்கச் சான்று, பட்டா, சொத்துவரி ரசீது மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சான்றிதழின் வரைவைக் கேட்டு வாங்கி வரி வரியாக ஒப்பிட்டுவிட வேண்டும். கையொப்பமான பிறகு ஓர் எழுத்தை மாற்றுவதும் அவர்களுக்குப் பெரும் வேலை.

சான்றிதழைக் கையில் எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக் கதவைத் தட்டினேன். ஐம்பது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஓர் அம்மாள் திறந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய், அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். அதில் மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்த ஒரு முத்திரைத்தாள் இருந்தது. 2020-இல் நான்கு லட்சம் ரூபாயைப் பழைய உரிமையாளரிடம் மொத்தமாகக் கொடுத்து, வாடகை இல்லாமல் போக்கியத்துக்குக் குடியேறியிருந்தார்கள். தென்மாவட்டங்களில் இதை ஒத்தி என்பார்கள். "அந்த நாலு லட்சத்தைக் கொடுத்துவிட்டு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. எங்களிடம் வேறு எதுவும் இல்லை" என்றார்.

சட்டப்படி அந்தத் தாளுக்கு வலு இல்லை. வீடு 2016-லேயே வங்கியில் அடமானமாகிவிட்டது; போக்கியத்துக்கு வங்கியின் சம்மதம் வாங்கவில்லை; ஒப்பந்தம் பதிவும் செய்யப்படவில்லை. குடியிருப்பவர்களின் உரிமைக் கோரிக்கையைக் கடன் மீட்புத் தீர்ப்பாயம் விசாரிக்கலாம் என்றாலும், இத்தகைய ஒப்பந்தம் அங்கே நிற்காது என்று அவர்கள் பார்த்த வழக்கறிஞரே சொல்லியனுப்பிவிட்டார். ஆனால் அந்தக் குடும்பம் யாரையும் ஏமாற்றவில்லை. ஏமாற்றியவர் பணத்தோடு ஊரை விட்டுப் போய்விட்டார். போக்கியத்துக்குப் போகும் எவரும் ஒரு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால் போதும். உரிமை ஆவணங்களை ஒப்படைத்து வைத்த அடமானம் பதிவாகியிருந்தால் அதில் தெரிந்துவிடும். இதை அவர்களுக்கு 2020-இல் ஒருவரும் சொல்லவில்லை.

வீட்டைக் காலி செய்து கொடுப்பது வங்கியின் வேலை என்று நான் வாதிட்டேன். 14-ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ விண்ணப்பிக்க வேண்டியது கடன் கொடுத்த வங்கிதான்; ஏலம் எடுத்தவர் அந்த மனுவைப் போட முடியாது. ஆனால் பணம் முழுவதும் வந்து சேர்ந்த பிறகு வங்கிக்கு என்ன அவசரம்? அக்டோபரில் கொடுத்த கடிதத்துக்கு டிசம்பரில்தான் மனு தாக்கலானது. ஒவ்வொரு வாரமும் போய் நிற்பேன். கோப்பு வழக்கறிஞரிடம் இருக்கிறது என்பார்கள். வழக்கறிஞரைக் கேட்டால் வங்கியிலிருந்து உறுதிமொழிப் பத்திரம் வரவில்லை என்பார். விண்ணப்பித்த 30 நாளுக்குள், காரணம் பதிவு செய்தால் மொத்தம் 60 நாளுக்குள், உத்தரவு வர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2024 பிப்ரவரியில் உத்தரவும் வந்தது. அதை நிறைவேற்றக் காவல் பாதுகாப்பு வேண்டும். மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டதால், ஏப்ரல் 19 வாக்குப்பதிவு முடியாமல் ஆள் தர முடியாது என்றார்கள். அது முடிந்ததும் ஜூன் 4 வாக்கு எண்ணிக்கைக்குப் பிறகு வரச் சொன்னார்கள்.

ஜூன் மாத வட்டியைக் கட்டிய இரவில்தான் கணக்கை எழுதிப் பார்த்தேன். மாதம் 20,000 வீதம் அக்டோபரிலிருந்து ஒன்பது மாதத்துக்கு 1,80,000 ரூபாய் வட்டியாகவே போயிருந்தது. மறுநாள் அந்த அம்மாளிடம் போய், வேறு வீட்டுக்கு முன்பணமும் சாமான் ஏற்றும் செலவுமாக 1,50,000 ரூபாய் தருகிறேன் என்றேன். நான்கு லட்சத்துக்கு அது ஈடாகாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டு நாள் கேட்டார். மூன்றாம் நாள் மகனோடு வந்து ஒப்புக்கொண்டார். ஜூலையில், உத்தரவை நிறைவேற்ற நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் ஆணையர் வருவதற்கு முந்தைய நாளே காலி செய்துவிட்டு, தரையைக் கழுவிவிட்டுப் போயிருந்தார்கள். இதே பேச்சை முதல் மாதமே பேசியிருந்தால் வட்டியாகப் போன பணத்தில் பாதியையாவது அந்தக் குடும்பத்துக்கே சேர்த்துக் கொடுத்திருக்கலாம். ஆள் குடியிருக்கும் வீட்டை ஏலம் எடுப்பவர் இந்தத் தொகையை முதல் நாளே செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். நேரில் பேசுவதற்கு முன் சட்டத்தை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

ஆணையர் முன்னிலையில் மேல்தளத்தின் பூட்டை உடைத்தோம். பழைய உரிமையாளர் போகும்போது எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்துப் போயிருந்தார். சுவிட்ச் பெட்டிகள் இருந்த இடமெல்லாம் குழிகள். குழாய்களுக்குள் ஓடிய செப்புக் கம்பிகளை உருவியிருந்தார்கள். குளியலறைக் குழாய்களைக் கழற்றிவிட்டு வாயில் துணியைத் திணித்திருந்தார்கள். இவை கண்ணுக்குத் தெரிந்த சேதம். மேஸ்திரி ஒரு கம்பை எடுத்து, மேற்கூரையின் அடிப்பக்கத்தைச் சுவரோரமாகத் தட்டிக்கொண்டே போனார். கெட்டியாகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் வடமேற்கு மூலையில் திடீரென்று பானையைத் தட்டுவது போல மாறியது. "இங்கே முழுக்கப் பொக்கை சார்" என்றார். பூச்சை உதிர்த்தால் உள்ளே கம்பிகள் துருவேறி உப்பி, கான்கிரீட்டைப் பிளந்திருந்தன. மாடியில் தட்டோடு பெயர்ந்து, மழைநீர் பல ஆண்டுகளாக அங்கேயே தேங்கி இறங்கியிருக்கிறது. வெள்ளையடித்து மறைத்துவிடலாம் என்று சொன்னவர்களும் உண்டு. நான் சம்மதிக்கவில்லை, அந்தக் கூரையின் கீழ் யாரோ தூங்கப் போகிறார்கள். துருவைச் சுரண்டி, கம்பிக்குத் துருத்தடுப்பு பூசி, சில இடங்களில் புதுக் கம்பி இணைத்து, பாலிமர் கலவை வைத்துப் பூசி, மாடியில் நீர்க்கசிவுத் தடுப்பு செய்து மீண்டும் தட்டோடு பதித்தோம். நாலரை லட்சம் என்று போட்ட சீரமைப்புக் கணக்கு 7,80,000-இல் முடிந்தது.

மின் இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. பழைய பாக்கி என் தலையில் விழாது என்றுதான் நம்பியிருந்தேன். ஆனால் புதிய இணைப்பு தருவதற்கு முன் பழைய பாக்கியைக் கேட்க மின் வழங்கல் நிறுவனங்களுக்கு உரிமை உண்டு என்று 2023 மே மாதமே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது, கட்டினேன். மின்சாரம், சொத்துவரி, குடிநீர் ஆகிய மூன்று பாக்கிகளையும் ஏலத்துக்கு முன்பே அவற்றுக்குரிய எண்களை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

விற்கும்போது இன்னொரு தடை. வாங்க வந்தவருக்குக் கடன் கொடுக்கும் வங்கியின் வழக்கறிஞர், விற்பனைச் சான்றிதழ் மட்டும் போதாது என்றார். 13(2) அறிவிப்பு, 13(4) சுவாதீன அறிவிப்பு, அவை வெளியான நாளிதழ்களின் பிரதிகள், ஏல அறிவிப்பு, பணம் கட்டிய ரசீதுகள், சுவாதீனம் ஒப்படைத்த ஆவணம் என்று கேட்டார். பழைய உரிமையாளர் நாளை தீர்ப்பாயத்துக்குப் போனால் ஏலம் நிற்குமா என்பதை இவற்றை வைத்துத்தான் அவர்கள் முடிவு செய்கிறார்கள். ஏலம் விட்ட வங்கிக்கு மீண்டும் போனேன். அதிகாரி மாறியிருந்தார், முடிந்த கோப்பு வேறு ஊருக்குப் போயிருந்தது. அது வந்து சேர ஐந்து வாரம் ஆனது. அதற்குள் முதலில் பேசி முடித்தவர் வேறு வீடு பார்த்துக்கொண்டார். சான்றிதழ் வாங்கும் நாளிலேயே இவற்றின் பிரதிகளை வங்கியின் முத்திரையோடு கேட்டு வாங்கிவிடுங்கள்; அன்று கேட்டால் அரை மணி நேரத்தில் கிடைக்கும்.

இரண்டாவதாக வந்தவருக்கு 62,50,000 ரூபாய்க்கு விலை முடிந்தது. ஐம்பது லட்சத்துக்கு மேல் என்பதால் ஒரு சதவீத வருமான வரியை அவர் பிடித்துக்கொண்டு கட்டினார். இன்னும் ஐந்து மாதம் வைத்திருந்தால் 24 மாதம் கடந்து நீண்டகால மூலதன ஆதாயமாகி 12.5 சதவீத வரியோடு போயிருக்கும். வட்டி ஓடிக்கொண்டிருந்ததால் காத்திருக்கவில்லை. எல்லாச் செலவும் போக, வரிக்கு முன் நின்றது சுமார் மூன்று லட்சம்.

கிரயம் பதிவான அன்று, முத்திரையிட்ட அந்தப் பிரதிகளை வரிசைப்படி அடுக்கிய கோப்பை வாங்கியவரிடம் கொடுத்தேன். மேற்கூரையைத் திறந்தபோதும் பூசிய பிறகும் எடுத்த படங்களையும், வடமேற்கு மூலையில் எந்தக் கம்பிகளை மாற்றினோம் என்று மேஸ்திரி வரைந்து கொடுத்த தாளையும் அதன் கடைசியில் வைத்திருந்தேன்.