இந்த வருஷமாவது பந்து பறக்குமா? பேட்டன் ரூஜ் நாட்குறிப்பு

ஜூலை 19, 2019, வெள்ளி

கல்லூரி அணிகளின் அமெரிக்கக் கால்பந்தில், எஸ்.இ.சி. என்ற லீக்கின் மேற்குப் பிரிவில் அலபாமாவுக்கு முதலிடம், நம் எல்எஸ்யூவுக்கு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) இரண்டாமிடம். பத்திரிகையாளர்களின் கணிப்பு இது. தடுப்பாட்டத்தை வைத்து நமக்கு அந்த இடத்தைத் தந்திருப்பார்கள். என் கவலை அஃபென்ஸ், அதாவது தாக்குதல் ஆட்டம், பற்றித்தான். போன நவம்பரில் நம் மைதானத்திலேயே அலபாமா 29-0 என்று அடித்தது. அன்று நாம் பந்தோடு ஓடி எடுத்தது மொத்தம் 12 யார்டு. மனசு இன்னும் ஆறவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து வந்த புதுப் பயிற்சியாளர் ஜோ பிரேடிக்கு வயது 29. அவரும் அஃபென்ஸைக் கவனிக்கும் ஸ்டீவ் என்ஸ்மிங்கரும் சேர்ந்து வகுக்கும் திட்டம் இதுதான்: எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களை மைதானத்தின் அகலம் முழுக்கப் பரப்பி நிறுத்துவது, வழக்கமாகப் பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கையும் பாஸ் வாங்க வெளியே அனுப்புவது. எதிரணி நடுவில் எட்டுப் பேரைக் குவித்தால் ஓரத்தில் ஆள் குறையும். அங்கே பந்து போகும். முன்னாள் தலைமைப் பயிற்சியாளர் லெஸ் மைல்ஸ் காலத்தில், குவிந்து நிற்கும் கூட்டத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப ஓடிப் பார்த்து நொந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பந்தை எறியும் நம் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ மேல் எனக்கு முழு நம்பிக்கை. போன வருஷம் 2,894 யார்டு, 16 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்ப்பது) என்பது சுமார்தான், பாஸ்களில் 58 சதவீதம்கூடக் கைசேரவில்லை. ஆனால் ஒஹையோ ஸ்டேட்டிலிருந்து அவர் இங்கே வந்ததே அந்தக் கோடையில்தான். இந்த முறை வசந்தகாலப் பயிற்சி முழுசாகக் கிடைத்திருக்கிறது. புத்தாண்டு அன்று ஃபியஸ்டா பவுல் போட்டியில் யுசிஎஃப் (சென்ட்ரல் ஃபுளோரிடா) அணி அவர் பாஸைத் தடுத்துப் பிடித்து டச்டவுனுக்கு ஓடிக்கொண்டிருந்தபோது, பர்ரோவைப் பக்கவாட்டிலிருந்து ஒருவர் மோதிச் சாய்த்தார். எழுந்து வந்து நாலு டச்டவுன் பாஸ் போட்டார். 40-32 என்று ஜெயித்தோம். அப்படிப்பட்ட ஆளுக்கு நல்ல திட்டம் ஒன்று கிடைத்தால் போதும்.

ரிசீவர்களும் சரியான வயதுக்கு வந்திருக்கிறார்கள். ஜஸ்டின் ஜெஃபர்சன் போன வருஷம் 875 யார்டு எடுத்தார். ஜமார் சேஸ் முதல் வருஷத்தில் 23 கேட்ச்தான் பிடித்தார், இந்த வருஷம் அவரைத் தனியாக ஒருவரால் அடக்க முடியாது என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஏபி செய்தி நிறுவனத்தின் தேசியத் தரவரிசைப் பட்டியலில் 6-ஆம் இடம். சரி, சந்தோஷம். ஆனால் 1,039 யார்டு ஓடிய நிக் பிரோசெட் போய்விட்டார். அடுத்த ரன்னிங் பேக் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் குள்ளம். கால் மட்டும் நிற்கவே நிற்காது. அவரைப் பற்றி எனக்குப் பயமில்லை. எதிரணியைத் தடுத்து நிறுத்தும் நம் முன்வரிசை, பந்தை எறிய பர்ரோவுக்கு மூன்று விநாடி வாங்கித் தருமா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

ஆகஸ்ட் 31, சனி

ஜார்ஜியா சதர்னை 55-3 என்று வென்றாயிற்று! பர்ரோ 27 பாஸ் போட்டு 23 சேர்ந்தன, இடைவேளைக்கு முன்பே 5 டச்டவுன். கூடிப் பேசாமல், எதிரணிக்கு மூச்சு விட நேரம் தராமல், அடுத்தடுத்து ஆட்டம் போனது. இந்த ஊரில் இப்படி ஒரு அஃபென்ஸை நான் பார்த்ததில்லை. அடுத்த சனிக்கிழமை ஆஸ்டினில் டெக்சாஸ். அங்கே மூன்றாம் டவுனில் (நான்கு முயற்சிகளில் மூன்றாவது) பதினைந்து யார்டு தேவைப்பட்டு, ஆறு பேர் பாய்ந்து வரும்போதும் பர்ரோ இதே நிதானத்தோடு போடட்டும்.