திபேரியாவில் ஒரு வைத்தியரின் கல்லறை

இஸ்ரவேலில், திபேரியா ஊரை ஒட்டிய கலிலேயாக் கடலில் படகில் போய்வந்த அன்று பிற்பகல் எங்கள் குழுவுக்கு ஓய்வு. மற்றவர்கள் அறைக்குப் போக, நான் வழிகேட்டுக்கொண்டு ரம்பாமின் கல்லறைக்கு நடந்தேன். மைமோனிதீஸ் என்று உலகம் அறிந்த யூத ஞானி. வைத்தியரும்கூட. அதனால்தான் போனேன்.

போன வருடம் அம்மா இன்சுலினை நிறுத்திவிட்டாள். ஊசி போடுவது அவிசுவாசம் என்று ஒரு ஜெபக்கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்தாள். சில மாதங்களில் கால்விரல் ஒன்றை எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது போட்டுக்கொள்கிறாள், ஆனால் ஏதோ பாவம் செய்கிறவளைப் போல, யாருக்கும் தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு. அந்தச் சாத்திய கதவு என் மனதைவிட்டு நீங்கவே இல்லை.

கல்லறை ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. மேலே சிவப்பு இரும்பில் ஓர் உயர்ந்த அமைப்பு. பாதையோரம் 14 தூண்கள், அவர் எழுதிய 'மிஷ்னே தோரா' என்ற யூதச் சட்டத் தொகுப்பின் 14 நூல்களுக்காக. பெண்கள் பக்கத்தில் நாலைந்து பேர் மெல்லிய குரலில் வேதத்தின் சங்கீதங்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பூ கொண்டுவரவில்லை. கூழாங்கல் ஒன்றை எடுத்து வைக்கிறார்கள், அவ்வளவுதான். நானும் வைத்தேன்.

ரம்பாம் 1204இல் எகிப்தில் இறந்தவர். உடலை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள் என்பது யூதர்களின் மரபு. அவருடைய தம்பி தாவீது வியாபாரத்துக்காக நம் இந்தியாவை நோக்கிக் கப்பலேறி, இந்தியப் பெருங்கடலில் மூழ்கிப்போனார். அந்தத் துக்கத்தில் ஏறக்குறைய ஒரு வருடம் காய்ச்சலோடு படுக்கையில் கிடந்ததாக ரம்பாமே எழுதியிருக்கிறார். படுத்துக் கிடந்தவர்தான் பிறகு அரண்மனை வைத்தியரானார். மதியத்துக்குமேல் பசியோடு வீடு திரும்பினால் யூதரும் மற்றவரும் வாசல் நிறையக் காத்திருப்பார்களாம். அவர்களிடம் பொறுக்கச் சொல்லி ஒருவேளைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, இரவு வரை பார்ப்பார். களைப்பு மிஞ்சினால் படுத்தபடியே மருந்து சொல்வார்.

வேதத்தில் வரும் யூதாவின் ராஜா எசேக்கியா ஒரு மருத்துவ நூலை மறைத்துவைத்ததாக ஒரு பழைய செய்தி உண்டு. ஜனங்கள் தேவனை விட்டுவிட்டு மருந்தை நம்பியதால்தான் என்று சிலர் அதற்குக் காரணம் சொன்னார்கள். ரம்பாமுக்கு வந்ததே கோபம்! பசித்தவன் அப்பம் சாப்பிட்டால் அதுவும் அவிசுவாசமா என்று கேட்கிறார். அப்பத்துக்குத் தேவனுக்கு நன்றி சொல்கிற நாம் மருந்துக்கும் சொல்ல வேண்டும் என்கிறார்.

அவருக்கும் வெகுகாலம் முந்தியவர் ரப்பி அகிவா என்ற யூத வேத போதகர். அவர் கல்லறையும் இதே ஊரின் மலைச்சரிவில்தான். அவரும் ரப்பி இஸ்மவேலும் ஒரு நோயாளிக்கு மருந்து சொன்னபோது, கூட வந்த விவசாயி, "நோயைக் கொடுத்தவர் தேவன், நடுவில் நீங்கள் யார்?" என்று கேட்டாராம். "நிலத்தைப் படைத்தவரும் அவர்தானே, நீ ஏன் உழுகிறாய்?" என்றார்கள். "உழாமல், உரம் போடாமல் எப்படி விளையும்?" "உடம்பும் மரம்தான். மருந்து உரம், வைத்தியன் விவசாயி."

தேவனோடு மனுஷனும் கூட்டாளி என்று சொல்ல யூதர்கள் தயங்குவதில்லை. எனக்கு அது அந்த இடத்தில் நின்றபோதுதான் உள்ளே இறங்கியது.

பக்கத்தில் இருந்த பாட்டி யாருக்காக வந்தாய் என்று சைகையும் அரைகுறை ஆங்கிலமுமாகக் கேட்டார். அம்மாவின் பெயரைச் சொன்னேன். அவளுடைய அம்மா பெயர்? நோயாளிக்கு ஜெபிக்கும்போது தாயின் பெயரைச் சேர்த்துச் சொல்வது அவர்கள் வழக்கமாம். என் ஆச்சியின் பெயரை அந்த எபிரெய உச்சரிப்பில் கேட்டதும் அழுகை வந்துவிட்டது.

ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு அப்பத்தின் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டாள்: "சோத்துக்கு முன்னால ஜெபம் பண்ணுதோம்லா? அப்போ ஊசிக்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிட்டுப் போட்டுக்கிடலாமாட்டி?"