வளைந்த கிராஷ் கார்டை மாற்றும்போது

பைக் விழுந்தால் அடியைத் தாங்கும் பைப் சட்டம்தான் கிராஷ் கார்டு. வளைந்த பைப்பைச் சூடாக்கி நிமிர்த்தவே வேண்டாம். மடங்கிய இடம் அடுத்த முறை முதலில் விட்டுக்கொடுக்கும்.

பைப்பைவிட போல்டைத்தான் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். கழற்றியதைக் கண்ணாடி மேல் உருட்டுங்கள்; தத்தித் தத்தி உருண்டால் வளைந்திருக்கிறது, தூக்கிப் போடுங்கள். புதியதும் அதே நீளம், அதே மரை, அதே கிரேடாக (வலிமைத் தரம்) இருக்கட்டும், தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும். பளபளக்கும் சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்டு 10.9-க்கு ஈடாகாது.

பல வண்டிகளில் எஞ்சினை ஃப்ரேமோடு பிடித்திருக்கும் மவுண்ட் போல்டிலேயே கார்டும் மாட்டியிருக்கும். அதை உருவுமுன் எஞ்சினுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கால் லேசாகத் தாங்குங்கள். இல்லாவிட்டால் எஞ்சின் இறங்கி ஓட்டை விலகும். போல்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் மரை போய்விடும். கழற்றிய கையோடு ஃப்ரேமில் மவுண்ட் பற்றவைத்த இடத்தைத் துடைத்துப் பாருங்கள். பெயின்ட்டில் மயிரிழைக் கீறல் தெரிந்தால் கார்டு மாட்டுவதை நிறுத்திவிட்டு ஃப்ரேமை மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

புதிய கார்டில் எல்லா போல்டையும் முதலில் கையால் சில சுற்று ஏற்றுங்கள். ஒன்றை முழுக்க இறுக்கினால் மற்ற ஓட்டைகள் சேராது. ஹேண்டில்பாரை இருபுறமும் திருப்பி, முன்பக்க ஃபோர்க்கை அழுத்தி, மட்கார்டு இடிக்கிறதா பாருங்கள். பிறகே டார்க் ரெஞ்ச், அதாவது குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர். இறுக்க அளவு சர்வீஸ் மேனுவலில் உள்ளதுதான். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் இறுக்கத்தை மறுபடி சோதியுங்கள்.