உலர்ந்த காற்றில் எல்லாப் படலமும் நல்ல படலம்தான்

எங்கள் ஆய்வகத்தில் வாயு உணரிகளுக்கான டின் ஆக்சைடு படலங்களை ஸ்ப்ரே பைராலிசிஸ் முறையில் செய்கிறோம். டின் குளோரைடு கரைசலில் டோப்பிங்குக்கான (வேறொரு உலோகத்தைச் சிறிதளவு சேர்ப்பதற்கான) உப்பைக் கொஞ்சம் கலந்து, 400 டிகிரிக்குச் சூடேற்றிய கண்ணாடித் தகட்டின் மேல் தெளிக்க வேண்டும். ஆறிய தகட்டை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் ஓரங்களில் பச்சையும் ஊதாவும் வளையம் வளையமாகத் தெரியும். நிறம் மாறும் இடத்தில் தடிமனும் மாறியிருக்கிறது. கருவியில் அளப்பதற்கு முன்பே பல தகடுகள் இந்தக் கண்பரிசோதனையில் கழிந்துவிடும்.

சூடான படலத்தில் ஒட்டும் ஆக்சிஜன் எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்வதால் மின்தடை ஏறும். ஹைட்ரஜனோ எல்பிஜியோ வந்தால் அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்து எலக்ட்ரான்களை விடுவிக்கும், தடை இறங்கும். ஜப்பானில் நவோயோஷி டகுச்சி 1962இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த உணரி முதல் இன்று கடையில் கிடைக்கும் எம்க்யூ-2 வரை அடிப்படை இதுதான்.

ஆனால் படலத்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. சானிடைசர் தடவிய கையோடு யாராவது உணரியைச் சோதிக்கும் சேம்பர் பக்கம் வந்தால் போதும், எத்தனால் ஆவிக்கே தடை சரசரவென்று இறங்கும். டோப்பிங் செய்வது இதற்காகத்தான். பல்லேடியம் ஹைட்ரஜன் மூலக்கூறுகளைப் பிரித்துக் கொடுப்பதால் குறைந்த வெப்பநிலையிலேயே உணரி வேலை செய்யும். எனக்குப் பிடித்தது செம்பு. காப்பர் ஆக்சைடு பி-வகை (எலக்ட்ரான் இல்லாத துளைகள் வழியே மின்சாரம் கடத்துவது), டின் ஆக்சைடு என்-வகை (எலக்ட்ரான்கள் வழியே கடத்துவது) என்பதால் இரண்டும் சேரும் இடங்களில் தடை உயர்ந்து நிற்கும். ஹைட்ரஜன் சல்பைடு பட்டதும் காப்பர் ஆக்சைடு சல்பைடாக மாறி, உலோகம்போல மின்சாரத்தைக் கடத்தும். தடை ஒரேயடியாகச் சரியும். 'ஏன் இந்த வாயுவுக்கு மட்டும்?' என்று கேட்டால் இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்லக்கூடிய டோப்பிங் அபூர்வம். மற்றவற்றுக்கு 'வினையூக்க விளைவு' என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம், நான் உட்பட.

பெரிய தலைவலி ஈரப்பதம். நீராவியும் தடையைக் குறைக்கும். போதாக்குறைக்கு ஹைட்ராக்சில் தொகுதிகளாகப் படலத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு ஆக்சிஜனுக்கான இடத்தையும் பிடித்துக்கொள்ளும். சிலிண்டரிலிருந்து வரும் உலர் காற்றில் வாயு பட்டதும் துள்ளி விழுந்த தடை வளைவு, சென்னையின் ஐப்பசிக் காற்றில் சோர்ந்து போவது இதனால்தான். சமையலறையில் மாட்டப்போகும் உணரிக்கு உலர் காற்று எங்கே கிடைக்கும்?

மாணவர்கள் வரைபடத்தோடு வந்தால் ஈரப்பதம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பேன். "உலர் காற்று சார்" என்று பதில் வரும். சரி, காற்றைத் தண்ணீருக்குள் விட்டு ஈரமாக்கி ஒருமுறை எடுத்து வா, அப்புறம் பேசலாம் என்பேன்.